அம்மாவுக்கு ‘கரண்ட்’ வைக்கச் சொல்கிறார்கள், சம்மதிக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் உசிலம்பட்டிக்குப் பக்கம். அம்மாவுக்கு 61 வயது. அரை ஏக்கர் மல்லிகைத் தோட்டத்தை ஒண்டியாகப் பார்த்தவர். அப்பா இறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கிவிட்டார். ஐந்து மாதமாகப் பேச்சு குறைந்து, தூக்கமும் போய்விட்டது. ‘என் குடல் அழுகிப்போச்சு, சோறு உள்ளே இறங்காது’ என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். ‘உங்களுக்கெல்லாம் பாரமா இருக்கேன், போய்ச் சேந்துட்டா தேவலை’ என்கிறார். 54 கிலோ இருந்தவர் இப்போது 41. மூன்று மாதத்தில் இரண்டு வகை மாத்திரை மாற்றியும் பலனில்லை. மதுரையில் பார்க்கும் டாக்டர் ஈ.சி.டி. (தலையில் கரண்ட் கொடுத்து வலிப்பு வரவைக்கும் சிகிச்சை) கொடுக்க வேண்டும் என்கிறார். மாமாவோ, ‘கரண்ட் வச்சா மூளை கருகிடும், அப்புறம் உன்னையே யாருன்னு கேப்பா’ என்று தடுக்கிறார். பாண்டி கோயிலுக்கு இரண்டு முறை போய்வந்தோம். ஏர்வாடியில் கொண்டுபோய் விடலாம் என்றும் ஒரு பேச்சு ஓடுகிறது. கரண்ட் வைத்தால் மூளைக்கு என்ன ஆகும்? அதனால் மனச்சோர்வு எப்படித் தீரும்? நாங்கள் சம்மதிக்கலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ‘54 கிலோ இருந்தவர் இப்போது 41’ என்ற வரியில் இரண்டு முறையும் நின்றுவிட்டேன். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சம்மதியுங்கள். உங்கள் அம்மாவை நேரில் பார்த்தவர் உங்கள் டாக்டர்தான், நான் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது போன்ற நிலையில் என்னைப் பெற்றவள் இருந்தால், அவளுக்கும் இந்தச் சிகிச்சையைத்தான் கேட்பேன்.

குடல் அழுகிவிட்டது என்று அம்மா சொல்வதைப் பிடிவாதம் என்றோ நடிப்பு என்றோ நினைத்துவிடாதீர்கள். மனச்சோர்வு முற்றும்போது சிலருக்கு நம்பிக்கையே திரிந்துபோகும். ‘எனக்கு வயிறே இல்லை’, ‘நான் செத்து ரொம்ப நாளாச்சு’, ‘நான் பண்ணின பாவத்தாலதான் கண்மாய் நிறையலை’ என்றெல்லாம் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது நூற்றுக்கு நூறு உண்மை. அழுகிய குடலுக்குள் சோற்றைத் திணிக்கச் சொல்கிறார்களே என்றுதான் உங்கள் அம்மாவுக்குத் தோன்றும். இந்த வகை மனச்சோர்வுக்கு மாத்திரை மட்டும் பல நேரம் போதுவதில்லை. கேட்டாலும் நாலு முதல் ஆறு வாரம் எடுக்கும். உங்கள் அம்மாவின் உடம்பில் அவ்வளவு அவகாசம் இல்லை. கடும் மனச்சோர்வில் ஈ.சி.டி. பெறுபவர்களில் பத்துக்கு ஆறு முதல் எட்டுப் பேர் வரை நல்ல முன்னேற்றம் காண்கிறார்கள். இப்படித் திரிந்த நம்பிக்கை இருப்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அது மற்றவர்களைவிட நன்றாகவே வேலை செய்கிறது. உங்கள் டாக்டர் இதையெல்லாம் கணக்குப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்.

சரி, மாமாவின் பயத்துக்கு வருகிறேன். அந்தப் பயம் வெறும் கற்பனையில் பிறந்தது இல்லை. நான் பயிற்சியில் இருந்த காலத்தில், ஒரு மருத்துவமனையில், மயக்க ஊசி இல்லாமலே இந்தச் சிகிச்சை கொடுத்தார்கள். நோயாளி முழு நினைவோடு கட்டிலில் படுத்திருப்பார். தோளை இருவர், காலை இருவர் என்று பிடித்துக்கொள்வார்கள். காலைப் பிடித்தவர்களில் நானும் ஒருவன். வலிப்பு வந்ததும் அந்தக் கால் என் கைக்குள் முறுக்கிக்கொண்ட வேகம் இன்னும் நினைவில் இருக்கிறது. வரிசையில் அடுத்து உட்கார்ந்திருந்தவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முறையில் முதுகெலும்பு முறிந்தவர்கள் உண்டு. ஊருக்குள் சொல்லப்படும் கதைகள் அந்தக் காலத்தின் கதைகள். சினிமாவில் தண்டனை போலக் காட்டுவதும் அதைத்தான். இன்று அப்படிச் செய்வது குற்றம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் ஈ.சி.டி. கொடுப்பதைத் தடை செய்திருக்கிறது.

இப்போது என்ன நடக்கும் என்று சொல்கிறேன், மாமாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். முதல் நாள் ராத்திரியே தலைக்குக் குளிப்பாட்டிவிடுங்கள். எண்ணெய் வைக்கக் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நெற்றியில் வைக்கும் தகடு சரியாகப் பதியாது. காலையில் வெறும் வயிறு. பிரஷர் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதை ஒரு மிடறு தண்ணீரோடு கொடுக்கலாமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி, கம்மல், கழற்றி மாட்டும் பல் செட் எல்லாவற்றையும் கழற்றி உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள்.

உள்ளே, கையில் ஊசி ஏற்றி மயக்க மருந்து கொடுப்பார்கள். அரை நிமிடத்துக்குள் தூங்கிவிடுவார். அப்புறம் ஒரு காலில் பிரஷர் பார்க்கும் பட்டையை இறுக்கிக் கட்டுவார்கள். தசை தளர்த்தும் மருந்து உடம்பு முழுக்கப் பரவும், அந்தப் பாதத்துக்கு மட்டும் இறங்காது. வாயில் மெத்தென்ற ஒரு கட்டையை வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, பொத்தானை அழுத்துவார்கள். கரண்ட் ஓடுவது சில நொடிகள்தான். அதன் பிறகு மூளையில் வரும் வலிப்பு அரை நிமிடம், கூடிப்போனால் ஒரு நிமிடம் இருக்கும். வெளியே பார்ப்பவருக்கு என்ன தெரியும் தெரியுமா? பட்டை கட்டிய அந்தப் பாதத்தின் கட்டைவிரல் துடிக்கும், இமை லேசாக அதிரும். அவ்வளவுதான். கட்டைவிரல் நின்றதும் வலிப்பு நின்றது என்று கணக்கு. பத்து நிமிடத்தில் கண் விழிப்பார். அரை மணி, ஒரு மணி நேரம் கொஞ்சம் குழப்பம் இருக்கும். தலைவலி, தாடை வலி, குமட்டல் வரலாம், அதற்கு மாத்திரை போதும்.

மூளை கருகுமா? கருகாது. நம் வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட், விடாமல் ஓடும் மின்சாரம். ஈ.சி.டி. கருவி கொடுப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாக நீடிக்கும் சின்னச் சின்னத் துடிப்புகள். அதிலும் பெரும்பகுதி தோலிலும் மண்டையோட்டிலுமே சிதறிவிடும். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை நேராக்க மார்பில் கொடுக்கிறார்களே, அதைவிட இதன் ஆற்றல் குறைவு. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன்களை ஒப்பிட்ட ஆய்வுகளில் மூளை சிதைந்ததற்கான தடயம் இல்லை.

அடுத்து நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி, இதனால் சோர்வு எப்படித் தீரும் என்பது. ஒரு பழைய கதையிலிருந்து தொடங்கினால் எளிதாகப் புரியும். இந்தச் சிகிச்சையில் கரண்ட் வருவதற்கு முன்னால் இருந்தது கற்பூரம். 1934-இல் ஹங்கேரியில் மெதூனா என்ற மருத்துவர், மனநோயாளிகளுக்குக் கற்பூரத்தை எண்ணெயில் கரைத்து ஊசியாகப் போட்டு வலிப்பு வரவைத்தார். சிலர் தெளிந்தார்கள். ஆனால் கற்பூரத்தால் வலிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது, காத்திருக்கும் நேரத்தில் நோயாளி படும் பாடும் பெரிது. 1938-இல் ரோம் நகரில் செர்லெட்டியும் பினியும் ஊசி மருந்துக்குப் பதில் கரண்டை வைத்தார்கள். அதாவது கரண்ட் ஒரு சாவிதான், கதவைத் திறந்ததும் அதன் வேலை முடிந்தது. மருந்தாக இருப்பது மூளை தானாக எழுப்பி, தானாகவே அடக்கும் அந்த வலிப்பு. வலிப்பு வராமல் போனால் பலனும் பெரிதாக இருப்பதில்லை. வலிப்பு வந்தால் மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. கரண்டின் அளவும், தகட்டை எங்கே வைக்கிறோம் என்பதும் பலனை மாற்றும்.

‘தானாகவே அடக்கும்’ என்று சொன்னேன் இல்லையா, அதைக் கொஞ்சம் கவனியுங்கள். வலிப்பை நிறுத்த மூளை தன்னிடம் உள்ள பிரேக்குகளை எல்லாம் போடுகிறது. அதில் முக்கியமானது காபா என்ற ரசாயனம். ஒவ்வொரு தடவையும் அந்தப் பிரேக் பலப்படுகிறது. அதனால்தான் சிகிச்சை போகப் போக வலிப்பு வரவைக்கவே கூடுதல் கரண்ட் தேவைப்படும், வரும் வலிப்பும் சுருங்கும். வலிப்பு முடிந்த கணத்தில் மூளையலைப் பதிவைப் பார்த்தால் கோடு ஏறக்குறைய நேராகிவிடும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஓர் அதிர்வேட்டு வெடித்தால், ஒரு கணம் எல்லார் வாயும் அடங்கி, பிறகு பேச்சு புதிதாகத் தொடங்கும் இல்லையா, எனக்கு அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வரும். மனச்சோர்வில் மூளையின் சில பகுதிகள் தங்களுக்குள்ளேயே ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருக்கின்றன. ‘பாரமா இருக்கேன், பாரமா இருக்கேன்’ என்பது அதன் சத்தம். சிகிச்சைக்குப் பிறகு நெற்றிப் பக்கத்துப் பகுதிகளில் இந்த மிகையான பிணைப்பு தளர்வதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இன்னொன்றும் நடக்கிறது. நினைவோடும் உணர்வோடும் தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, நீண்ட நாள் மனச்சோர்வில் இருப்பவர்களுக்குச் சற்றுச் சிறுத்திருப்பது உண்டு. ஈ.சி.டி.க்குப் பிறகு அதன் பருமன் கூடுவதைப் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. விலங்குகளில் பார்த்தபோது அந்த இடத்தில் புதிய நரம்பு செல்கள் முளைப்பது தெரிந்தது. நரம்பு செல்களுக்கு உரம் போன்ற ஒரு புரதமும் அங்கே கூடுகிறது. செரடோனின், டோபமைன் போன்றவற்றின் ஓட்டமும் மாறுகிறது. பசி, தூக்கம், ஹார்மோன் ஆகியவற்றைக் கவனிக்கும் மூளையின் அடிப்பகுதியையும் வலிப்பு தட்டி எழுப்புகிறது. இவற்றில் எது முதல் காரணம், எது அதன் விளைவு என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் எது முதலில் திரும்பும் என்று அனுபவத்தில் சொல்வேன்: தூக்கமும் பசியும். மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், உங்கள் அம்மாவைப் போலவே அன்னம் தண்ணீரை மறுத்தவர். நாலாவது சிகிச்சை முடிந்த மதியம், மகள் கொடுத்த மோரை ஒரு வாய் குடித்துவிட்டு ‘உப்பு பத்தலை’ என்றார். உப்பை எடுக்க எழுந்த அந்தப் பெண் பாதி வழியில் நின்று அழுதுவிட்டாள். ‘மனசு நல்லாயிருக்கு’ என்று அவர் தன் வாயால் சொல்ல அதற்குப் பிறகும் பத்து நாள் ஆனது. உங்கள் வீட்டிலும் மாற்றத்தை அம்மாவுக்கு முன்னால் நீங்கள்தான் கவனிப்பீர்கள்.

ஞாபகம் பற்றி நான் எதையும் மறைக்கப் போவதில்லை. இந்தச் சிகிச்சைக்கு உண்மையான விலை ஒன்று உண்டு என்றால் அது ஞாபகத்தில்தான். சிகிச்சை நடக்கும் வாரங்களில் புதிதாகக் கேட்டது தங்காது, காலையில் யார் வந்தார்கள் என்பது சாயங்காலம் நினைவிருக்காது. இது முடிந்த சில வாரங்களில் சரியாகிவிடும். சிகிச்சைக்கு முந்தைய சில மாதங்களின் நினைவுகள் சிலவும் அழியலாம், அதில் ஒரு பகுதி திரும்பாமலே போகலாம். ஒரு சிலர் நீண்ட காலம் இந்தக் குறையைச் சொல்கிறார்கள். அதை டாக்டர்கள் தட்டிக்கழிப்பது தவறு என்று நினைப்பவன் நான். ஆனால் மாமா சொல்வது போல உங்களை யார் என்று கேட்க மாட்டார். கண் விழித்த அரை மணி நேரத்தில் கேட்டால் அது மயக்கத்தின் குழப்பம், பயப்படாதீர்கள். கல்யாணம், பிள்ளைப்பேறு, பழைய சண்டை, பழைய பாட்டு எல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பூக்கட்டும் விரலும் மறக்காது. கைவேலையின் நினைவு வேறிடத்தில் பத்திரமாக இருக்கிறது.

விலையைக் குறைக்கவும் வழி உண்டு. வலப்பக்கம் மட்டும் தகடு வைத்துத் தொடங்கலாமா, வாரத்துக்கு மூன்றுக்குப் பதில் இரண்டு போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அம்மாவின் உடல்நிலை அவசரமாக இருப்பதால் இருபக்கமும் வைப்பதே நல்லது என்று அவர் சொன்னால், அதற்கும் நியாயம் உண்டு, இருபக்க முறை சற்று விரைவாகக் கேட்கும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. இந்த வாரமே ஒரு நோட்டு வாங்கி, அம்மாவோடு உட்கார்ந்து எழுதுங்கள்: எந்த நகை எங்கே அடகில் இருக்கிறது, சீட்டுப் பணம் எத்தனை தவணை கட்டியாயிற்று, பூக் கமிஷன் கடையில் எவ்வளவு பாக்கி, பீரோ சாவி எங்கே. சிகிச்சை முடிந்து ஒரு மாதம் ஆகும்வரை பத்திரம், கடன் தாள் எதிலும் அவரிடம் கையெழுத்து வாங்காதீர்கள், வேறு யாரும் வாங்கவும் விடாதீர்கள்.

உயிருக்கு ஆபத்து உண்டா என்று மாமா கேட்பார். மயக்கம் கொடுத்துச் செய்யும் எந்தச் சிகிச்சையிலும் இருக்கும் அளவுதான். ஒரு லட்சம் தடவைக்கு ஏறக்குறைய 2 மரணம் என்று கணக்கு. அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், மூளையில் கட்டி உள்ளவர்கள் ஆகியோருக்குத்தான் மிகுந்த யோசனை தேவை. அதற்காகத்தான் ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் முன்கூட்டியே எடுக்கிறார்கள். மொத்தம் 6 முதல் 12 தடவை தேவைப்படும். ஒருமுறை தொடங்கினால் ஆயுசுக்கும் வைக்க வேண்டும் என்பது உண்மையில்லை. ஆனால் தேறிவிட்டார் என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். 2001-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஈ.சி.டி.யால் தேறி, பிறகு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 84 பேருக்கு 6 மாதத்துக்குள் நோய் திரும்பியது. தகுந்த இரண்டு மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. வீட்டுக்காரர்கள் சறுக்கும் இடம் இதுதான். சிரித்துப் பேசுகிற ஆளுக்கு எதற்கு மாத்திரை என்று தோன்றும். டாக்டர் சொல்லும்வரை கொடுங்கள்.

பாண்டி கோயிலுக்குப் போனதில் ஒரு தவறும் இல்லை. அங்கே அம்மாவின் மனசு கொஞ்சம் ஆறுமானால் தேறிய பிறகும் கூட்டிப்போங்கள். ஏர்வாடிப் பேச்சை மட்டும் இத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களையும் குணமாகட்டும் என்றுதான் வீட்டார் விட்டுப்போயிருந்தார்கள். பணம் தடையாக இருந்தால் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள்.

அம்மாவின் சம்மதத்தையும் கேட்க வேண்டும். அது சட்டம், அதைவிட மரியாதை. ‘எதுக்கு எனக்குச் செலவு பண்றீங்க’ என்றுதான் சொல்வார். அது நோயின் பதில். ‘தூங்க வச்சு ஒரு வைத்தியம், கொஞ்சம் ஞாபக மறதி இருக்கும், நான் வெளியே உக்காந்திருப்பேன்’ என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வேறெதற்கோ என்று ஏமாற்றிக் கூட்டிப்போகாதீர்கள். முடிவெடுக்கும் நிலையில் அவர் இல்லை என்று டாக்டர் கருதினால், அவருடைய பிரதிநிதியாக நீங்கள் முன்நின்று சம்மதிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதன் நடைமுறையை டாக்டரே சொல்வார்.

கடைசியாக, இன்றைக்கே செய்ய வேண்டியவை. தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து வீட்டிலோ மோட்டார் ரூமிலோ இருந்தால் இப்போதே எடுத்து வேறு இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். இரவில் ஒருவர் அவர் பக்கத்தில் படுக்க வேண்டும். சிகிச்சை தொடங்கி முதல் இரண்டு வாரமும் இந்தக் காவல் தேவை, ஏனென்றால் மனசு தெளிவதற்கு முன்னால் உடம்புக்குத் தெம்பு வந்துவிடும். நடு ராத்திரியில் பயமாக இருந்தால் 14416-க்குப் பேசுங்கள், அரசின் டெலி மானஸ் எண் அது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அம்மா தண்ணீரையும் மறுக்க ஆரம்பித்தாலோ, ஒரு பகல் முழுக்கச் சிறுநீர் போகாவிட்டாலோ, டாக்டர் கொடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். நேராக மதுரைக்கு, அவசரப் பிரிவுக்குக் கூட்டிவந்துவிடுங்கள்.